கோல்கீப்பரின் இணைய மவுசை அளப்பது எப்படி? மதுரைக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியக் கோல்கீப்பர்களில் குர்பிரீத் சிங் சந்துவா, விஷால் கைத்தா, யாருக்கு மவுசு அதிகம்? ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும் நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கு யாரும் சீக்கிரம் வீடு போவதில்லை. ஒருத்தர் இன்ஸ்டாகிராமைத் திறந்து நீட்டுவார். இன்னொருத்தர் யூடியூப் ஷார்ட்ஸைக் காட்டுவார். கடைசியில் குரல் பெரிசாக உள்ளவர் ஜெயிப்பார். ஆனால் இந்த வாதத்தைக் கணக்கு வைத்தே தீர்க்கலாம். ஒரு போனும் ஒரு நோட்டும் ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்ச நேரமும் இருந்தால் போதும், காசு கொடுத்து வாங்கவேண்டியது எதுவும் இல்லை. கல்லூரியில் விளையாட்டுப் பக்கம் நடத்துகிறவர்கள், டர்ஃப் போட்டிகளுக்கு போஸ்டர் அடிப்பவர்கள், விளையாட்டுச் செய்தி எழுதப் பழகுகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஸ்ட்ரைக்கர் கோல் அடித்தால் அன்றே அவர் பெயர் ஊரெல்லாம் ஓடும். கீப்பர் நன்றாக ஆடிய நாளில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். சரியான இடத்தில் நிற்பது, டிஃபென்ஸைக் கத்தி ஒழுங்குபடுத்துவது, கிராஸை முன்கூட்டியே வந்து பிடிப்பது எல்லாம் யாரும் வீடியோவாக வெட்டிப் போடுகிற சங்கதிகள் இல்லை. அதனால் கீப்பரின் பெயர் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் எகிறும்: பெனால்டியைப் பிடித்தால், அல்லது பந்தைக் கோட்டைவிட்டால். அந்த எகிறலை மட்டும் பார்த்து இவர்தான் பெரிய ஆள் என்று எழுதிவிடக் கூடாது. எகிறல் அடங்கிய பிறகு, ஆட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் அவரை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: யாரோடு யாரை?

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். குர்பிரீத்தை ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியோடு ஒப்பிட்டால் முடிவு தெரிந்த கதை. ஆடும் இடமே வேறு. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை இதுவரை வாங்கிய ஒரே கீப்பர் லெவ் யாஷின், அதுவும் 1963இல். உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதான தங்கப் பந்தை வாங்கிய ஒரே கீப்பர் ஆலிவர் கான், 2002இல். கீப்பர்களுக்கென்றே யாஷின் பெயரில் தனி விருது வைக்க 2019 வரை ஆனது. பொது வெளிச்சம் கீப்பர் பக்கம் விழுவது அபூர்வம் என்பதால் கீப்பரைக் கீப்பரோடுதான் நிறுத்த வேண்டும்.

கீப்பர்களுக்குள்ளும் மூன்று பொருத்தம் பாருங்கள். ஒரே லீக், ஒரே காலம், ஒரே நிலை. முதல் கீப்பரையும் பெஞ்சில் உட்காரும் கீப்பரையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். இந்தியாவுக்குள் என்றால் குர்பிரீத், விஷால் கைத், அம்ரிந்தர் சிங் மூவரும் நல்ல தொகுப்பு. மூவரும் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்.லில் முதல் கீப்பராக ஆடியவர்கள், தேசிய அணி முகாமில் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்கள். உலக அளவில் எமிலியானோ மார்டினெஸ், கோர்ட்வா, அலிசன், டோன்னரும்மா என்று ஒரு தொகுப்பு வைக்கலாம். இந்த இரண்டு தொகுப்புகளையும் கலக்கவே வேண்டாம். ஏன் என்று நாலாவது படியில் புரியும்.

எந்த இடத்துக்கான மவுசு என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலகம், இந்தியா, தமிழ்நாடு ஆகிய மூன்றும் மூன்று வேறு கேள்விகள்.

இரண்டாம் படி: ஃபாலோயர் எண்ணிக்கை

இதை வேகமாக முடித்துவிடலாம். எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான், ஆனால் மற்றவற்றைவிடக் குறைவாக உண்மை சொல்வதும் இதுதான். ஃபாலோயர் எண்ணிக்கை பல வருடச் சேமிப்பு. ஒருமுறை அமுக்கியவர் ஆட்டம் பார்ப்பதை நிறுத்தி மூன்று வருடமானாலும் எண்ணிக்கையில் இருப்பார். பெரிய கிளப்புக்குப் போனாலே கூடும், ஓய்வு பெற்றாலும் பெரிதாகக் குறையாது. இக்கர் கசியாஸ் ஆடுவதை நிறுத்திவிட்டார், ஆனால் ரியல் மாட்ரிட்டிலும் ஸ்பெயின் அணியிலும் சேர்த்த கூட்டம் அவரோடுதான் இருக்கிறது.

ஆகவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு வளர்ச்சியைப் பாருங்கள். பழைய எண்ணிக்கையை ஆப்பில் பின்னோக்கிப் பார்க்க முடியாது என்பதால் இன்றைக்கே நோட்டில் குறிக்கத் தொடங்க வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம். கூடவே கடைசிப் பத்துப் பதிவுகளுக்கு விழுந்த லைக்கையும் கமெண்டையும் கூட்டிப் பத்தால் வகுத்து, அதை ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுங்கள். கிளப்போடு சேர்ந்து போட்ட பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் விழும் லைக் பாதி கிளப்புக்குரியது.

மூன்றாம் படி: விக்கிபீடியா பார்வைகள்

எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். ஒருவர் விக்கிபீடியாவில் ஒரு கீப்பரின் பக்கத்தைத் திறக்கிறார் என்றால், அவரைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அர்த்தம். ‘பேஜ்வியூஸ்’ என்று தேடினால் விக்கிமீடியா தளத்தில் இயங்கும் இலவசக் கருவி வரும். அதில் கட்டுரைகளின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு நாளும் எத்தனை முறை திறக்கப்பட்டன என்று வரைபடமாகக் காட்டும். உண்மையான எண்ணிக்கையே கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். பத்துக் கட்டுரைகள் வரை பக்கத்தில் பக்கமாக வைக்கலாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பார்வையாளர் வகையில் ‘பயனர்’ என்பதை மட்டும் வைத்திருங்கள். இல்லாவிட்டால் தானியங்கி நிரல்கள் திறந்ததும் சேர்ந்துவிடும். இந்தக் கருவியில் தகவல் 2015 ஜூலையிலிருந்துதான் உண்டு. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அமெரிக்காவின் டிம் ஹவர்ட் அடுத்தடுத்துப் பந்தைத் தடுத்தபோது, யாரோ விக்கிபீடியாவில் அவரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் என்று மாற்றி எழுதிய கூத்து நடந்தது. அப்படிப்பட்ட நாளைக்கூட இந்தக் கருவியில் பார்க்க முடியாது. அதற்கு அடுத்த படிக்குத்தான் போக வேண்டும்.

நேரக் கணக்கும் முக்கியம். இந்தக் கருவியின் ஒரு நாள் நம்ம ஊர் அதிகாலை 5:30க்குத் தொடங்கி மறுநாள் 5:30க்கு முடிகிறது. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இறுதி ஆட்டம் இங்கே இரவு 8:30க்குத் தொடங்கி, பெனால்டி ஷூட் அவுட் முடியும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது. அதன் பிறகு தூக்கம் வராமல் 19ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு அர்ஜென்டினா கீப்பர் மார்டினெஸின் பக்கத்தைத் திறந்திருந்தாலும் அது 18ஆம் தேதிக் கணக்கில்தான் விழும். இது தெரியாமல் ஆட்டத்தன்றே இவ்வளவு பேர் பார்த்தார்கள், மறுநாளே ஆர்வம் போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது மையமான வேலைக்கு வருவோம். சராசரி எடுக்காதீர்கள், இடைநிலை எடுங்கள். விளக்கத்துக்காக நானே போடும் ஒரு கணக்கு: ஒரு கீப்பரின் பக்கத்துக்கு ஏழு நாளில் 180, 200, 190, 9,000, 2,600, 210, 195 பார்வைகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் ஏறக்குறைய 1,796 வரும். அந்த ஏழு நாளில் ஒரு நாள்கூட 1,796க்குப் பக்கத்தில் இல்லை. எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள்: 200. இதுதான் அவருடைய வழக்கமான நாள். 9,000 என்பது ஏதோ நடந்த நாள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றில் மற்றொன்றைக் கலக்காதீர்கள்.

அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒரு சுற்று கலக்கிய காளையின் வீடியோ தை மாதம் முழுக்க எல்லார் போனிலும் ஓடும். ஆனால் ஆடியிலும் அந்தக் காளையின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு ஆள் வருகிறார்கள் என்றால் அந்த மாட்டின் பெயர் வேறு ரகம். கீப்பருக்கும் நாம் ஆடி மாதக் கணக்கைத்தான் தேடுகிறோம். ஐ.எஸ்.எல். நடக்காத மாதங்களில் எடுத்த இடைநிலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புவேன்.

ஆங்கில விக்கிபீடியா எண்ணிக்கையில் உலகமே இருக்கும், இந்தியாவை மட்டும் பிரித்துப் பார்க்க அதில் வழி கிடையாது. தமிழ் விக்கிபீடியாவில் அந்தக் கீப்பருக்குக் கட்டுரை இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். எண் சிறிதாக இருக்கும், பரவாயில்லை. கட்டுரை எப்போது எழுதப்பட்டது என்று வரலாற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் எழுதிய கட்டுரையையும் எட்டு வருடக் கட்டுரையையும் மொத்தமாக ஒப்பிடக் கூடாது. ‘லாங்வியூஸ்’ என்ற துணைக் கருவி எல்லா மொழிகளிலும் வந்த பார்வையைச் சேர்த்துக் காட்டும். மார்டினெஸ் மாதிரி ஆட்களுக்கு ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால் ஸ்பானிஷ் பேசும் கூட்டம் மொத்தமும் விட்டுப்போகும்.

நான்காம் படி: கூகுள் ட்ரெண்ட்ஸ்

மதுரையும் தமிழ்நாடும் இந்தக் கருவியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தவறாகப் படிக்கவும் இதைவிட எளிதான கருவி இல்லை. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்வதில்லை. நீங்கள் கேட்ட இடத்தில், கேட்ட காலத்தில் நடந்த மொத்தத் தேடலில் இந்தப் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு, வரைபடத்தில் மிக உயர்ந்த புள்ளியை 100 ஆக்கி மற்றதை அதற்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறது.

இதனால்தான் இரண்டு தொகுப்புகளைக் கலக்க வேண்டாம் என்றேன். 2022 டிசம்பரில் மார்டினெஸையும் குர்பிரீத்தையும் ஒன்றாகப் போட்டால் மார்டினெஸின் கோடு 100ஐத் தொடும், குர்பிரீத்தின் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும். குர்பிரீத்தை யாருமே தேடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. 0 என்று வந்தாலும் அப்படித்தான், காட்டுவதற்குப் போதுமான அளவு இல்லை என்பதே அதன் பொருள்.

பெயர் தட்டும் இடத்தில் நிதானம் வேண்டும். ஒரு பெயரைத் தட்டியதும் கீழே ‘தேடல் சொல்’ என்றும், ‘கால்பந்து வீரர்’ போன்ற குறிப்போடும் இரண்டு மூன்று வரிகள் வரும். எப்போதும் கால்பந்து வீரர் என்று வருவதையே எடுங்கள். அப்படி எடுத்தால் எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடியிருந்தாலும் அந்த ஒரே ஆளுக்குச் சேரும். வெறும் சொல்லாகப் போட்டால் மார்டினெஸுக்கு வரும் கூட்டத்தில் அதே அர்ஜென்டினா அணியின் லவுதாரோ மார்டினெஸும் லிசாந்த்ரோ மார்டினெஸும் நுழைந்துவிடுவார்கள். அம்ரிந்தர் சிங் என்று போட்டால் பஞ்சாபின் முன்னாள் முதல்வர் அமரிந்தர் சிங்கைத் தேடியவர்களும் எழுத்துப் பிழையோடு வந்து சேர்வார்கள். நம்ம பசங்கள் கீப்பரைக் கோலி என்று கூப்பிடுகிற பழக்கத்தில் ‘இந்தியா கோலி’ என்று தட்டினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை, விராட் கோலிதான் வருவார்.

அடுத்தது இடம். இந்தியா என்று வைத்துப் பார்த்த பிறகு தமிழ்நாடு என்று மாற்றிப் பாருங்கள். மாநில வரைபடத்தில் மிசோரமோ கோவாவோ நம்மைவிட அடர்ந்த நிறத்தில் தெரிந்தால் அங்கே எண்ணிக்கை அதிகம் என்று படிக்கக் கூடாது. அங்கே நடக்கும் மொத்தத் தேடலில் அந்தப் பெயரின் பங்கு அதிகம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்குள் நகரம் வாரியாகப் பார்க்கும்போது மதுரை பட்டியலில் வராமல் போகலாம். குறைந்த தேடல் உள்ள ஊர்களைக் கருவி விட்டுவிடும். அப்படியானால் காலத்தை ஒரு மாதத்திலிருந்து ஐந்து வருடமாக நீட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் தமிழ்நாட்டு அளவோடு நின்றுவிடுங்கள், மதுரை என்று தலைப்புப் போடாதீர்கள்.

ட்ரெண்ட்ஸ் மொத்தத் தேடலிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துத்தான் கணக்கிடுகிறது. அதனால் இன்று பார்த்த கோடும் நாளை பார்க்கும் கோடும் லேசாக மாறும், தேடல் குறைவான கீப்பர்களுக்கு அதிகமாகவே மாறும். மூன்று நான்கு வெவ்வேறு நாட்களில் அதே அமைப்பில் பார்த்து எடுத்த எண்களின் சராசரியைப் போடுங்கள். ‘இணையத் தேடல்’ என்று இருப்பதை ‘யூடியூப் தேடல்’ என்று மாற்றியும் ஒருமுறை பாருங்கள். நம் பக்கம் படிப்பவரைவிட வீடியோ பார்ப்பவரே அதிகம் என்பதால் இரண்டிலும் வரிசை மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கை பழக ஒரு பயிற்சி சொல்கிறேன். இடம் இந்தியா, காலம் 2023 ஜூன் 25 முதல் ஜூலை 15 வரை, பெயர்கள் குர்பிரீத், எமிலியானோ மார்டினெஸ். அந்த நாட்களில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பை நடந்தது. அரையிறுதியில் லெபனானையும் ஜூலை 4 அன்று இறுதியில் குவைத்தையும் இந்தியா ஷூட் அவுட்டில் வென்றது, இரண்டிலும் குர்பிரீத் பெனால்டியைப் பிடித்தார். அதே வாரம் மார்டினெஸ் கொல்கத்தாவுக்கு வந்திருந்தார். இந்திய மண்ணில் ஒரே வாரத்தில் இரண்டு கீப்பர்களின் பெயர் அடிபட்டது அரிய சந்தர்ப்பம். முதலில் இந்தியாவுக்குப் பாருங்கள், பிறகு மேற்கு வங்கம், கர்நாடகா, தமிழ்நாடு என்று மாற்றிக்கொண்டே போங்கள். இடத்தைப் பொறுத்து மவுசு எப்படி மாறுகிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்தாம் படி: உச்சம் எதனால் வந்தது?

வரைபடத்தில் கோபுரம் மாதிரி நிற்கும் ஒவ்வொரு உச்சத்துக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். நல்ல சேவ், தவறு, கிளப் மாற்றம், காயம், சொந்த வாழ்க்கை என்று ஐந்து வகை போதும். காரணம் எழுதாத உச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் கீப்பர் லோரிஸ் காரியஸ் இரண்டு கோல்களைத் தன் தவறால் விட்டார், ரியல் மாட்ரிட் 3-1 என்று வென்றது. அன்றைக்கு உலகமே தட்டிய பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்டிருந்ததாகப் பின்னர் மருத்துவர்கள் சொன்னார்கள். அதைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கருவிக்குப் பாராட்டும் ஏச்சும் ஒன்றுதான், இரண்டையும் தேடல் என்றே எண்ணும். வேறுபடுத்த வேண்டியது நாம்தான். ட்ரெண்ட்ஸில் கீழே வரும் ‘தொடர்புடைய தேடல்கள்’ பட்டியலில் தவறு, அழுகை, மீம் போன்ற சொற்கள் வருகின்றனவா, அல்லது சேவ், ஜெர்சி, கிளவுஸ் என்று வருகின்றனவா என்று பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பிடிபடும்.

சிலருக்கு உச்சமே ஒரு சுழற்சியில் வரும். மெக்சிகோவின் கில்யெர்மோ ஒச்சோவா 2014 ஜூன் 17 அன்று பிரேசிலை 0-0 என்று நிறுத்தினார். 2022இல் போலந்தின் லெவன்டோவ்ஸ்கி அடித்த பெனால்டியைப் பிடித்தார். உலகக் கோப்பை வந்தால் அவர் பெயரும் வந்துவிடும். அவரை ஒரு வருடத் தகவலை வைத்து அளந்தால் கண்டிப்பாகத் தப்பாகும். எட்டு வருடமாவது எடுக்க வேண்டும்.

நம் நாட்டில் பழைய கீப்பர்களைத் தொடும்போது இன்னொரு எச்சரிக்கை. 2011 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஆனால் சுப்ரதா பால் தடுத்த தடுப்புகளுக்காக அவரை ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டார்கள். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். 2011இல் நம் பக்கத்துப் பையன் ஆட்டத்தைப் பற்றித் தேட வேண்டுமானால் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. சுப்ரதாவின் கோட்டையும் குர்பிரீத்தின் கோட்டையும் ஒரே தாளில் வைத்து இவர் பெரியவர் என்று எழுதுவது அநியாயம். ஒவ்வொருவரையும் அவர் காலத்து மற்ற கீப்பர்களோடு ஒப்பிட்டு, அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஆட்டத்தோடு பொருத்திப் பாருங்கள்

இணைய மவுசைத் தனியாக வைத்தால் அது பாதிக் கதைதான். ஐ.எஸ்.எல்.லில் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை விருதை குர்பிரீத் 2018-19, 2019-20 என்று அடுத்தடுத்து வாங்கினார். விஷால் கைத் 2022-23இலும் 2024-25இலும் வாங்கினார். இந்தச் சீசன்களுக்கு முன்னும் பின்னும் வந்த ஆட்டமில்லாத மாதங்களின் இடைநிலையை எடுத்துப் பாருங்கள். விருதுக்குப் பிறகு வழக்கமான நாளின் அளவு ஒரு படி ஏறி அங்கேயே நிற்கிறதா, இல்லை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டதா? ஏறி நின்றால் ஆட்டம் பேர் வாங்கித் தந்திருக்கிறது. குர்பிரீத்துக்கு 2019 செப்டம்பர் 10க்குப் பிந்தைய மாதங்களையும் தனியாகப் பாருங்கள். அன்று தோகாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரை 0-0 என்று இந்தியா நிறுத்தியது, சேத்ரி இல்லாத அணிக்கு அவர்தான் கேப்டன்.

ஆட்டம் உயர்ந்தும் அளவு ஏறாத கீப்பர்கள் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. கிளப்புக்கு வெளியே யாருக்கும் பெயர் தெரியாத, ஆனால் சீசன் முழுக்கக் கோலுக்குக் காவல் நின்ற ஒருவரை நம்ம ஊர்ப் பையன்களுக்கு அறிமுகப்படுத்த இந்தக் கணக்கு உதவும்.

எழுதி வெளியிடும்போது

ஃபாலோயர் வளர்ச்சி, விக்கிபீடியா இடைநிலை, ட்ரெண்ட்ஸ் அளவு மூன்றையும் கூட்டி ஒரே மார்க் போடாதீர்கள், மூன்றின் அலகும் வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு கீப்பரை 100 என்று வைத்து மற்றவர்களை அதற்கேற்ப எழுதி, மூன்றையும் தனித்தனிப் பத்தியாகக் காட்டுங்கள். மூன்றிலும் ஒருவரே முன்னால் நின்றால் தைரியமாகப் பெயரைச் சொல்லலாம். பிரிந்து நின்றால் பிரிந்து நிற்கிறது என்றே எழுதுங்கள்.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘இந்த வருடம் ஜூன், ஜூலை மாதங்களில், தமிழ்நாட்டில், கூகுள் தேடலில், இந்த மூன்று கீப்பர்களில் இவருக்கு அதிகப் பங்கு.’ காலம், இடம், கருவி, யாரோடு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நான்கில் ஒன்றை எடுத்துவிட்டாலும் வாக்கியம் பொய்யாகிவிடும். ‘இந்தியாவின் நம்பர் ஒன் கீப்பர்’ என்று போஸ்டரில் போடப் பலருக்கு ஆசையாக இருக்கும், ஆனால் அதை இந்த எண்கள் சொல்லவில்லை.

கீப்பரின் சொந்த வாழ்க்கை பற்றிய தேடலால் உச்சம் வந்திருந்தால் ‘ஆட்டத்துக்கு வெளியே’ என்று குறித்துவிட்டு நகருங்கள், விவரம் வேண்டாம். வரைபடத்தின் படத்தையும், எடுத்த தேதியையும், கருவியில் வைத்த இடம், காலம், வகை எல்லாவற்றையும் பதிவின் கீழே போடுங்கள். யாராவது வந்து இது தப்பு என்றால் அதே அமைப்பைத் திறந்து அவரையே பார்க்கச் சொல்லலாம்.